ஏழாவது கேள்விக்கு அவள் எழுதிய பதில்

பெருமதிப்புக்கும் அன்புக்கும் உரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் பணிவன்புடன் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், இடது முழங்காலைத் தவிர. அங்கே தாங்களும் அக்காவும் பிள்ளைகளும், மூன்று வாரமாகத் தங்கள் வீட்டில் இருக்கும் என் மனைவியும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதே என் விருப்பம். போனில் பேசியிருக்கலாமே, எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். போன் செய்தால் அவள்தான் எடுக்கிறாள். என் குரலைக் கேட்டதும் "அண்ணன் குளிக்கிறாங்க" என்று சொல்லி வைத்துவிடுகிறாள். காலை எட்டு மணிக்கும் குளிக்கிறீர்கள், மதியம் இரண்டு மணிக்கும் குளிக்கிறீர்கள், சாயங்காலம் ஐந்து மணிக்கும் குளிக்கிறீர்கள். இந்த வயதில் ஈரத் தரையில் இத்தனை முறை நடப்பது நல்லதல்ல என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். எனக்கு அடக்கிக்கொள்ளவும் வரும் என்பதைத் தாங்கள் முதலில் குறித்துக்கொள்ள வேண்டும்.

விஷயம் இதுதான். அவள் வீட்டுக்குத் திரும்பி வர வேண்டும். அதற்குத் தாங்கள்தான் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவள் பக்கத்துக் கதையை மூன்று வாரமாகக் கேட்டிருப்பீர்கள். தாங்கள் கைக்கடிகாரம் பழுது பார்ப்பவர். கண்ணுக்கே தெரியாத திருகாணியைக்கூடப் பொறுமையாகத் தேடி எடுப்பவர். அந்தப் பொறுமையில் கொஞ்சம் எனக்கும் ஒதுக்கி, என் பக்கத்தையும் கேளுங்கள்.

முப்பத்தோரு வருடம் நான் பாட்டில் தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தது தங்களுக்குத் தெரியும். ஒரு பக்கம் உருகிய கண்ணாடி, ஒரு பக்கம் ஓடும் பெல்ட், பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்க்காமல் ரிவர்ஸ் எடுக்கும் லாரிகள், நடுவில் அறுநூறு பேர். காலையில் அறுநூறு பேர் உள்ளே போனால் சாயங்காலம் அதே அறுநூறு பேர் அதே கை கால்களோடு வெளியே வர வேண்டும். கேட் பக்கத்தில் நின்று கடைசி ஆள் போகும்வரை பார்த்துவிட்டுத்தான் நான் வண்டியை எடுப்பேன். ஓய்வு பெற்ற மறுநாள் காலை ஏழு மணிக்கு எழுந்தேன். கேட் இல்லை, அறுநூறு பேர் இல்லை. அடுப்படியில் அவள் மட்டும் இருந்தாள். கொதிக்கிற வெந்நீர்ப் பாத்திரத்தை உள்ளங்கை அகலம்கூட இல்லாத ஒரு துணியால் பிடித்து இறக்கிக்கொண்டிருந்தாள். நான் போய் நோட்டை எடுத்து வந்தேன். இப்போது யோசித்தால், அன்று எடுத்தது நோட்டாக இல்லாமல் பாத்திரத்தின் மறு காதாக இருந்திருக்கலாம்.

மூன்று அறை, ஒரு அடுப்படி, ஒரு குளியலறை. அதில் மட்டும் நாற்பத்து மூன்று அபாயங்களைக் கண்டுபிடித்தேன். பட்டியலை அவளிடம் வாசித்துக் காட்டினேன். முழுதாகக் கேட்டுவிட்டு, "இத்தனை வருஷம் இதுக்குள்ள எப்படித்தான் உயிரோட இருந்தோமோ" என்றாள். கிண்டல் என்று எனக்குப் புரியவில்லை, பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். மறு வாரமே விதிகள் அமலுக்கு வந்தன. ஸ்டூல் மேல் ஏறுவது உயரத்தில் செய்யும் வேலை, அதற்கு என்னிடம் எழுத்து மூலம் அனுமதி வாங்க வேண்டும் என்பது முதல் விதி. ஒரு நாள் நான் முடி வெட்டிக்கொண்டு திரும்பினால், பரணில் இருந்த பெரிய பாத்திரம் தரையில் இருக்கிறது. யார் அனுமதி கொடுத்தது என்று கேட்டேன். "நாந்தான் குடுத்தேன். நாந்தான் ஏறினேன், நாந்தான் எறங்கினேன். பாத்திரமும் நல்லா இருக்கு, நானும் நல்லா இருக்கேன்" என்றாள். விபத்து நடக்கவில்லை என்றாலும் நடந்திருக்கலாம் என்று பதிவேட்டில் எழுதினேன். "நடக்காததையெல்லாம் எழுதறதா இருந்தா கடையில இருக்கற நோட்டு பூரா பத்தாதுங்க" என்றாள். இன்னொரு நாள் ஒரு பிளக்கைச் சரி செய்ய மெயினை அணைத்து, அதில் என் பூட்டைப் போட்டு, "ஆள் வேலை செய்கிறார், தொடாதே" என்று பலகையும் மாட்டினேன். பூட்டுப் போட்டவரே திறக்க வேண்டும் என்பது தொழிற்சாலை விதி. சாவி என் சட்டைப் பையில் இருந்தது. சட்டை என் மேல் இருந்தது. நானோ திருகாணி வாங்கப் போன இடத்தில் பழைய கொதிகலன் ஆப்பரேட்டரைப் பார்த்து இரண்டரை மணி நேரம் பேசிவிட்டேன். அதுவரை அவள் ஃபேன் இல்லாமல், பாதி தைத்த துணியை மடியில் வைத்துக்கொண்டு, அந்தப் பலகையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருக்கிறாள்.

சாலை விஷயமும் தங்கள் காதுக்கு வந்திருக்கும். நாங்கள் இருக்கும் தெருவுக்கு நடைபாதை கிடையாது. வண்டிகள் எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று வண்டிக்காரருக்கே தெரியாது. அதனால் அவள் காய்கறிக் கடைக்குப் போகும்போது, வெளிச்சம் பட்டால் மின்னும் பட்டை வைத்த ஆரஞ்சு நிற ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு போகச் சொன்னேன். தொழிற்சாலையில் எனக்குப் பிரியாவிடை கொடுத்தபோது தந்தது, என் அளவு. அவளுக்கு முழங்கால் வரை வந்தது. முதல் நாளே ஒரு அம்மாள் நிறுத்தி, "ரோடு வேலை எப்பம்மா முடியும், எங்க வீட்டு முன்னாடி பள்ளம் அப்படியே கெடக்கு" என்று சண்டைக்கு வந்திருக்கிறாள். இவள் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கக் கையைத் தூக்கியிருக்கிறாள், இரண்டு பக்கமும் வண்டிகள் வரிசையாக நின்றுவிட்டன. கையை எப்போது இறக்குவது என்று தெரியாமல் அவளும் நின்றிருக்கிறாள். வீட்டுக்கு வந்து ஜாக்கெட்டைக் கழற்றி என் மடியில் வைத்தாள். யாரும் மோதவில்லை அல்லவா, திட்டம் வெற்றி என்று நான்தான் பேசினேன்.

அடுத்தது, புகை பட்டால் அடிக்கும் அலாரம். மச்சான், அலாரம் வாங்கியதில் என்மேல் தவறே இல்லை, மாட்டிய இடத்தில்தான் தவறு. அடுப்புக்கு நேர் மேலே மாட்டினேன். அலாரம் அடித்தால் கையில் இருப்பதை இருந்த இடத்தில் போட்டுவிட்டு, தெருமுனைக் குழாயடியில் வந்து நிற்க வேண்டும், நான் தலைகளை எண்ண வேண்டும். இது நான்காவது விதி. அவள் வாணலியில் வெங்காயத்தைப் போட்டால் போதும், அது அலற ஆரம்பிக்கும். இரண்டு பேரும் குழாயடிக்குப் போவோம். ஒன்று, இரண்டு என்று எண்ணுவேன். அதற்குள் உள்ளே வெங்காயம் நிஜமாகவே தீய்ந்து புகைய ஆரம்பித்திருக்கும், அலாரம் நிற்காது, அது நிற்காமல் உள்ளே போகக் கூடாது என்பது ஐந்தாவது விதி. மாடி வீட்டு டாக்சிக்காரர் முதலில் ரொம்பப் பயந்து இடுப்புத் துண்டோடு ஓடி வந்தார். பிறகு பழகிப்போய், சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டோடு வந்து நிற்க ஆரம்பித்தார். ஒரு மாதத்தில் நாங்கள் வெங்காயத்தையே விட்டுவிட்டோம்.

இப்போது அந்த வியாழக்கிழமைக்கு வருகிறேன். இதை எழுதும்போது பேனாவை இரண்டு தடவை கீழே வைத்துவிட்டேன். காலை பதினொரு மணிக்கு அலாரம் அடித்தது. நான் நாற்பது விநாடியில் குழாயடிக்கு வந்துவிட்டேன். டாக்சிக்காரரும் வந்துவிட்டார். இவளைக் காணோம். ஒரு நிமிடம் இருபது விநாடி கழித்து வருகிறாள், வலது கையை இடது கையால் பிடித்தபடி. "ஏன் லேட்டு?" என்று கேட்டேன். "அடுப்ப அணைச்சிட்டு வந்தேன்" என்றாள். அணைக்கிற அவசரத்தில் வாணலியின் விளிம்பு முன்கையில் பட்டு, ஒரு விரல் நீளத்துக்குச் சிவந்து கிடந்தது. உடனே உள்ளே கூட்டிப் போய்க் குழாயைத் திறந்து, கையை ஓடும் தண்ணீரில் காட்டி, கடிகாரத்தைப் பார்த்து இருபது நிமிடம் பிடித்துக்கொண்டிருந்தேன். முதலுதவியில் யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இருபது நிமிடம் சும்மா நிற்க என்னால் முடியவில்லை, மச்சான். ஒரு கையில் அவள் கை இருந்தது. மறு கை சும்மாதானே இருக்கிறது என்று விபத்துப் படிவத்தை எடுத்து நிரப்ப ஆரம்பித்தேன். விபத்து நடந்த இடம் எது என்று கேட்டேன், அடுப்படி என்றாள். நேரம் கேட்டேன், சொன்னாள். என்ன வேலை செய்துகொண்டிருந்தாய், காலில் செருப்பு இருந்ததா, பார்த்த சாட்சி யார், கடைசியாகப் பாதுகாப்புப் பயிற்சி பெற்றது எப்போது என்று வரிசையாகக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். "போன திங்கக்கெழம, நீங்கதான் எடுத்தீங்க" என்றாள். ஏழாவது கேள்வி, இது மீண்டும் நடக்காமல் இருக்க என்ன செய்யலாம் என்பது. "இத நானே எழுதறேன்" என்று பேனாவை வாங்கினாள். காயம் பட்ட கையாலேயே, கோணல் மாணலாக எழுதினாள். "நான் அண்ணன் வீட்டுக்குப் போகலாம்."

அதைப் படித்துவிட்டு நான் என்ன செய்தேன் என்று அவள் சொல்லியிருக்க மாட்டாள். சொல்லக் கூச்சப்பட்டிருப்பாள். முப்பத்தோரு வருடப் பழக்கம், கை தானாகவே போய்ப் படிவத்தின் கீழே "ஏற்கப்பட்டது" என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டுவிட்டது. இரண்டு மணி பஸ்ஸில் அவள் போய்விட்டாள். அனுமதி கொடுத்தவனே நான் என்பதால், யாரிடமும் போய்ச் சொல்லவும் முடியவில்லை.

முதல் வாரம் அவள் மேல் எனக்குக் கோபம். பத்து நிமிடத்தில் ஆறிப்போகும் விஷயத்தை இவ்வளவு பெரிதாக்க வேண்டுமா என்று வீட்டுக்குள்ளேயே பேசிக்கொண்டு திரிந்தேன். இரண்டாவது வாரம் முட்டை பொரிக்கப் போனேன். அலாரம் அடித்தது. விதி என்றால் எனக்கும் விதிதான், குழாயடிக்குப் போய் நின்றேன். தலையை எண்ணினேன். ஒன்று. டாக்சிக்காரர் மாடியிலிருந்தே எட்டிப் பார்த்து, "எல்லாரும் வந்தாச்சா சார்?" என்று கேட்டார். வந்தாச்சு என்றேன். எண்ணி முடித்தும் உள்ளே போக மனம் வரவில்லை. முட்டை கரிந்து, அலாரம் தானாகவே அலுத்துப்போய் நிற்கும்வரை அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். யாரோ தண்ணீர் பிடிக்க வந்து, தள்ளி நிற்கச் சொன்னார்கள்.

மறுநாள் அந்த அலாரத்தைக் கழற்றிவிடலாம் என்று ஸ்டூல் மேல் ஏறினேன். அனுமதிச் சீட்டு இல்லை, ஸ்டூலைப் பிடித்துக்கொள்ள ஆள் இல்லை, ஒரு காலில் செருப்பு இருந்தது, மறு காலில் இல்லை. இதையெல்லாம் வேறு யாராவது செய்திருந்தால் மூன்று பக்க அறிக்கை எழுதியிருப்பேன். விழுந்தது எனக்கு நினைவில்லை, தரையில் இருந்தது மட்டும் நினைவிருக்கிறது. சத்தம் கேட்டு டாக்சிக்காரர் ஓடி வந்தார். அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே நான் ஆரம்பித்துவிட்டேன். ஸ்டூல் இரண்டரை அடி உயரம், தரை காய்ந்துதான் இருந்தது, வெளிச்சம் போதுமான அளவு இருந்தது என்று சொல்லிக்கொண்டே போனேன். மனிதர் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார். "அதெல்லாம் கெடக்கட்டும் சார். வலிக்குதா?" என்றார்.

வலித்தது, மச்சான். அவர் கேட்கும்வரை எனக்கே தெரியவில்லை, கேட்டதும் அப்படி வலித்தது. அறுபது வயது மனிதன், அடுப்படித் தரையில், ஒரு செருப்போடு, மாடி வீட்டுக்காரர் முன்னால் அழுதேன். அவர் மருந்து ஒன்றும் போடவில்லை. என்னை எழுப்பி உட்காரவைத்து, பெயரளவுக்குக் கொஞ்சம் சர்க்கரை போட்டு ஒரு டீ போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். அவர் போன பிறகு அந்தப் படிவத்தை எடுத்துப் பார்த்தேன். ஏழு கேள்விகள். தொழிற்சாலையில் அதைத் தயாரித்தவன் நான்தான், இருபது வருடத்தில் நான்கு தடவை திருத்தியும் இருக்கிறேன். வலிக்கிறதா என்று அதில் எங்குமே இல்லை. அவள் கையை இருபது நிமிடம் பிடித்துக்கொண்டு நின்றவன், செருப்பைப் பற்றிக் கேட்டேனே தவிர அதைக் கேட்கவில்லை.

எனக்கு அவள் மேல் கோபமும் இல்லை, சந்தேகமும் இல்லை. பயம்தான். தொழிற்சாலையில் என்னிடம் இருந்த பயம் அறுநூறு பேருக்கும் பிரிந்து போய்க்கொண்டிருந்தது, ஆளுக்கு ஒரு துளிதான் விழுந்திருக்கும். ஓய்வு பெற்ற பிறகு அவ்வளவையும் ஒருத்தி தலையில் கொண்டுவந்து கொட்டிவிட்டேன். எந்த மனுஷிதான் தாங்குவாள். அவளுக்கு ஒன்று ஆகிவிட்டால் நான் என்ன செய்வேன் என்பதை நேராகச் சொல்ல வாய் வராமல், விதி விதியாக எழுதி வைத்திருக்கிறேன். தாங்கள் அவளிடம் இதைச் சொன்னாலும் பரவாயில்லை. எனக்குச் சொல்ல வராது.

ஆகவே தாங்கள் அவளிடம் தெரிவிக்க வேண்டியவை இவை. நாற்பத்து மூன்று அபாயங்களில் நாற்பதை ரத்து செய்துவிட்டேன். காஸ் குழாய், குளியலறையின் ஈரம், ஒயர் வெளியே தெரியும் அந்த பிளக், இந்த மூன்றை மட்டும் விட முடியாது, அது மட்டும் என் உடம்பில் ஊறியது. அலாரத்தை அடுப்படிக்கு வெளியே, வெங்காயத்தின் தொல்லை எட்டாத இடத்தில் மாட்டியாகிவிட்டது, மாட்டியது டாக்சிக்காரர். அனுமதிச் சீட்டுகளின் பின்பக்கத்தில் கடைச் சாமான் பட்டியல் எழுதிக்கொண்டிருக்கிறேன். இனி யார் எப்படிப் போனாலும், கேட்காமல் ஒரு வார்த்தைகூட அறிவுரை சொல்வதில்லை என்று முடிவெடுத்துவிட்டேன், அதைத் தாங்கள் உறுதியாகவே அவளிடம் சொல்லலாம். மற்றபடி நான் நன்றாகவே இருக்கிறேன். சமையல் பழகிவிட்டது. அவளுக்கு எப்போது வசதியோ அப்போது வரட்டும், அவசரம் ஒன்றும் இல்லை, அண்ணன் வீட்டில் இன்னும் ஒரு மாதம் இருந்தாலும் எனக்குச் சம்மதமே. கை ஆறிவிட்டதா, வலி இருக்கிறதா என்று மட்டும் தாங்கள் மெதுவாகக் கேட்டு, எனக்கு ஒரு வரி எழுதிப் போட்டால் போதும்.

அக்காவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். பிள்ளைகள் கை கால் சுகத்தோடு நீண்ட நாள் வாழ என் ஆசிகள். தங்கள் கண்ணுக்கும் விரலுக்கும் எந்தக் குறையும் வராமல், இன்னும் ஆயிரம் கடிகாரங்களை ஓட வைக்க வேண்டும் என்று விரும்பும்,

தங்கள் அன்பு மைத்துனன்.

பின்குறிப்பு: மேலே உள்ள எல்லாவற்றையும் அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். கடிதத்தைத் தபாலில் போடத்தான் கிளம்பினேன். தபால் பெட்டிக்குப் பக்கத்தில் உங்கள் ஊர் பஸ் நின்றுகொண்டிருந்தது, ஏறிவிட்டேன். அவசரம் இல்லை என்று எழுதியது பொய். சமையல் பழகிவிட்டது என்பதும் பொய், மூன்று வாரமாக ரொட்டியும் டீயும்தான். அறிவுரை சொல்வதில்லை என்ற முடிவும் பஸ் வந்து சேரும்வரைகூடத் தாங்கவில்லை. படிக்கட்டில் ஒரு ஆள் ஒற்றைக் கையால் தொங்கிக்கொண்டு, மறு கையால் போனில் பேசிக்கொண்டு வந்தான். உள்ளே வாப்பா என்று மூன்று தடவை சொன்னேன், கேட்கவில்லை, சட்டையைப் பிடித்துவிட்டேன். அவன் கத்தினான், நானும் கத்தினேன். கண்டக்டர் இரண்டு பேரையும் பார்த்து, யாரை இறக்கிவிட்டால் பஸ் சீக்கிரம் கிளம்பும் என்று கணக்குப் போட்டு, "பெரியவரே, நீங்க எறங்கிக்குங்க" என்று சொல்லிவிட்டார். ஆனால் நான் இறங்கியதும் அந்த ஆள் உள்ளே போய்விட்டான், கண்ணால் பார்த்தேன். இப்போது உங்கள் வீட்டுக்கு இரண்டு நிறுத்தம் முன்னால், நிழற்குடையில் உட்கார்ந்து முழங்காலில் வைத்து இதை எழுதுகிறேன். மீதியை நடந்து வந்துவிடுவேன்.

கை எப்படி இருக்கிறது என்று தாங்கள் கேட்டுச் சொல்ல வேண்டாம். கதவைத் தாங்கள் திறந்தால், இந்தக் கடிதத்தைக் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுவேன். அவளே திறந்தால் இந்தக் கடிதம் உங்களுக்குக் கிடைக்காது, வாசலில் நின்றே கேட்டுவிடுவேன். மூன்று வாரத்தில் ஆறியிருக்கும், எனக்குத் தெரியும். ஆறியிருந்தாலும் வலிக்குதா என்று கேட்கத்தான் வேண்டும்.